கழனித் தொட்டிவரை வராத சட்டம்: பால் கலப்படத் தடுப்பு, நெய்வேலி வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை

நெய்வேலி நகரியத்தில் "எந்த வட்டம்?" என்பதுதான் அறிமுகத்தின் முதல் கேள்வி. அந்த வட்டங்களுக்குள் விடியும் முன்பே பால் வந்தாக வேண்டும். முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவருக்கு இருட்டிலேயே காபி தேவை. என் சிறுவயதில் எங்கள் வீட்டுக்குப் பால் இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று பூத்தில் வாங்கும் பாக்கெட், மற்றொன்று வெளியூரிலிருந்து சைக்கிளில் வரும் கேன். கேன் பாலை என் தாயார் உடனே நம்பிவிட மாட்டார். கட்டைவிரல் நகத்தைச் சாய்த்துப் பிடித்து ஒரு சொட்டு விடுவார். தயங்கி இறங்கினால் பால், ஓடினால் தண்ணீர். பால்காரர் அசரமாட்டார். "மழைக்காலம்மா, மாடு பச்சைப்புல் தின்னுது, பால் இளகித்தான் இருக்கும்" என்பார். அந்த வழக்குக்குக் கடைசிவரை தீர்ப்பு வரவில்லை.

தாயாரின் நகமும் அரசின் ஆய்வகமும் ஒரே அனுமானத்தில் நிற்கின்றன. பால் மடியிலிருந்து குற்றமில்லாமல் வருகிறது. மடிக்கும் வாசலுக்கும் இடையே யாரோ ஒருவர் அதைக் கெடுக்கிறார். அவரைப் பிடித்தால் பால் சரியாகிவிடும். தமிழ்நாட்டில் கிடைத்திருக்கும் சான்றுகள் இந்த அனுமானத்தை எந்த அளவுக்குத் தாங்குகின்றன என்பதை மட்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. 'கலப்படம்' என்ற சொல் சட்டத்தில் பெற்ற பொருள்

சென்னை மாகாணத்துக்கு உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1918-லேயே வந்துவிட்டது. விடுதலைக்குப் பின் நாடு முழுவதற்குமாக 1954-இல் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1955 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பேச்சுவழக்கில் கலப்படம் என்றால் கூடாத ஒன்றைச் சேர்ப்பது. 1954 சட்டமோ நிர்ணயித்த அளவுக்குக் கீழே தரம் இறங்கினாலே அதைக் கலப்படம் என்று கணக்கிட்டது. யாரும் எதையும் சேர்த்ததாக நிறுவ வேண்டியதில்லை. பாலில் கொழுப்பும், கொழுப்பற்ற திடப்பொருளும் (பால் கூட்டுறவுச் சொசைட்டி மொழியில் எஸ்.என்.எஃப்) அளவுக்குக் குறைந்தால் போதும்.

இதன் விளைவை உச்ச நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்த்த ஓர் உத்தரப் பிரதேச வழக்கில் பார்க்கலாம். ஒரு பால் வியாபாரியிடம் 1995-இல் எடுத்த மாதிரியில் கொழுப்பு 4.6 விழுக்காடு. அதில் குறையில்லை. எஸ்.என்.எஃப் 8.5 இருக்க வேண்டிய இடத்தில் 7.7 இருந்தது. மாட்டின் தீவனம், உடல்நிலை போன்றவற்றால் இந்த வேறுபாடு வரலாம் என்ற வாதம் எடுபடவில்லை. சட்டம் தரத்தை நிர்ணயித்துவிட்ட பிறகு சிறிய விலகலையும் கண்டுகொள்ளாமல் விடமுடியாது என்றது நீதிமன்றம். 24 ஆண்டுகளுக்குப் பின் ஆறு மாதச் சிறைத் தண்டனை உறுதியானது. சட்டத்தின் எழுத்துப்படி தீர்ப்பில் பிழை காண்பது கடினம். ஆனால் அந்த 0.8 விழுக்காட்டை ஒருவர் தண்ணீர் ஊற்றிக் குறைத்தாரா, வறண்ட மாதத்தில் பசுந்தீவனம் இல்லாமல் மாடே குறைத்ததா என்று சொல்லும் திறன் அந்த எண்ணுக்கு இல்லை. எங்கள் வீட்டுப் பால்காரரின் வாதமும் இந்த இடத்தில்தான் நின்றது.

2011 ஆகஸ்ட் 5-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006 இந்தக் குழப்பத்தை ஓரளவு பிரித்தது. 'தரம் குறைந்தது' ஒரு வகை. அதற்குச் சிறை கிடையாது, 5 லட்சம் ரூபாய்வரை அபராதம். 'பாதுகாப்பற்றது' இன்னொரு வகை. அதற்குக் குற்றவியல் வழக்கு, உயிரிழப்பு நேர்ந்தால் ஏழாண்டு முதல் ஆயுள்வரை சிறை. என் கணிப்பில் இது உண்மையான முன்னேற்றம். செய்தித்தாள் தலைப்புகளுக்கு மட்டும் இந்தப் பிரிவினை இன்னும் எட்டவில்லை. எஸ்.என்.எஃப் குறைந்த பாலும் யூரியா கலந்த பாலும் ஒரே கட்டத்துக்குள் 'கலப்படப் பால்' என்றே அச்சாகின்றன.

2. இரண்டு கணக்கெடுப்புகள்

பால் கலப்படம் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 2011-இன் தேசிய ஆய்வை மேற்கோள் காட்டுகிறார்கள். 1,791 மாதிரிகளில் 68.4 விழுக்காடு தரத்துக்கு ஒத்துவரவில்லை என்ற எண் அங்கிருந்து வந்தது. அதைக் கேட்ட நாடு, மூன்றில் இரண்டு டம்ளர் பாலில் விஷம் என்று புரிந்துகொண்டது. தேறாத மாதிரிகளில் ஏறத்தாழ பாதி, கொழுப்போ எஸ்.என்.எஃப்போ குறைந்தவை. சலவைத்தூள் கண்டறியப்பட்டவை 103. அதுவும் சிறிய எண் இல்லைதான். ஆனால் 68 என்ற எண் சொல்லும் கதை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றிய, இந்தியர்களில் 87 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் என்ற பொய்ச் செய்திக்கு அரசே மறுப்புச் சொல்ல வேண்டியிருந்ததற்கு, இத்தகைய எண்களை அரைகுறையாகப் படித்த பழக்கமும் காரணம்.

அடுத்த ஆய்வு 2018 மே முதல் அக்டோபர்வரை நடந்தது. 50,000-க்கு மேல் மக்கள் வாழும் 1,103 நகரங்களில் 6,432 மாதிரிகள் எடுக்கப்பட்டன. 3,825 பதப்படுத்தாத பால், 2,607 பதப்படுத்திய பால். (2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஒரு லட்சத்தைக் கடந்த நெய்வேலி, இந்த அளவுகோலுக்குள் வரும் ஊர்தான்.) யூரியா, சலவைத்தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்டார்ச் உள்ளிட்ட 13 கலப்படப் பொருள்களும், பூச்சிக்கொல்லி, ஆன்டிபயாடிக், அஃப்ளடாக்ஸின் எம்1 என்ற பூஞ்சண நஞ்சு ஆகிய எச்சங்களும் தேடப்பட்டன.

உடல்நலத்துக்குக் கேடான கலப்படம் இருந்தவை, நாடு முழுவதற்கும், 12 மாதிரிகள். தெலங்கானாவில் 9, மத்தியப் பிரதேசத்தில் 2, கேரளத்தில் 1. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை.

அறிக்கையின் மறுபாதி அதிகம் பேசப்படவில்லை. அஃப்ளடாக்ஸின் எம்1 அனுமதித்த அளவைத் தாண்டியவை 368 மாதிரிகள், அதாவது 5.7 விழுக்காடு. இதில் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. எடுத்த 551 மாதிரிகளில் 88. ஆறில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு; நாட்டின் சராசரியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆன்டிபயாடிக் எச்சம் மிகுந்தவை நாடு முழுவதும் 77. பாதுகாப்பு அளவுகோலில் தவறியவை பதப்படுத்தாத பாலில் 4.8 விழுக்காடு, பதப்படுத்திய பாலிலோ 10.4 விழுக்காடு. கேனைச் சந்தேகித்து பாக்கெட்டை நம்பிய எங்கள் வீட்டு வழக்கத்துக்கு இது நேர்மாறு.

இந்த ஆய்வையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. 551 மாதிரிகளை வைத்து ஒரு மாநிலத்தின் ஆண்டு முழுவதையும் கணிக்க முடியாது. பண்டிகைக் காலத் தட்டுப்பாட்டில் கைவரிசை காட்டுகிறவர் மே மாத மாதிரியில் சிக்கமாட்டார். கடலூர் மாவட்டத்துக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவம். ஆய்வு அது வலுக்கும் முன்பே, அக்டோபரில் முடிந்துவிட்டது. பூஞ்சணத்துக்கு ஈரம்தான் உயிர் என்பதால், கார்த்திகை, மார்கழியில் எடுத்திருந்தால் 88 என்பது குறைந்திருக்காது என்றே நினைக்கிறேன். இது என் ஊகம். 2011-க்கும் 2018-க்கும் இடையே பால் திடீரென்று தூய்மையாகிவிட்டது என்று வாதிடுவதும் தவறு. முதல் ஆய்வு தரக் குறைவையும் நஞ்சையும் ஒரே எண்ணாகக் கூட்டியது, இரண்டாவது பிரித்து எண்ணியது. தரக் கணக்கில் 2018-லும் 41 விழுக்காடு மாதிரிகள் ஏதாவதொன்றில் பின்தங்கித்தான் இருந்தன.

3. நடவடிக்கை எப்படி நடக்கிறது

உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்து நான்காகப் பிரிக்கிறார். ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு பங்கு மாவட்ட நியமன அலுவலரிடம் இருப்புக்கு. வியாபாரி கேட்டால் நான்காவது பங்கு அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்குப் போகும். அறிக்கை 14 நாட்களில் வர வேண்டும். கிண்டி, சேலம், கோவை, தஞ்சாவூர், மதுரை, பாளையங்கோட்டை என மாநிலத்துக்கு ஆறு அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள். தரக் குறைவு என்றால் விசாரணை மாவட்ட வருவாய் அலுவலரிடம், பாதுகாப்பற்றது என்றால் நீதிமன்றத்தில். பயணத்தில் பால் கெடாமலிருக்க மாதிரிக் குப்பியில் ஃபார்மலின் சேர்க்க விதி சொல்கிறது, 25 மில்லிலிட்டருக்கு இரண்டு சொட்டு. எந்த ஃபார்மலினைத் தேடிப் போகிறோமோ அதைத்தான் அத்தாட்சிக்கும் ஊற்ற வேண்டியிருக்கிறது. வேதியியலில் இதற்கு நியாயம் உண்டு என்றாலும் முதன்முறை அறிந்தபோது சிரிப்பு வந்தது.

தமிழ்நாட்டில் பால் மீதான நடவடிக்கைகளில் பேர்பெற்றவை எவை என்று பார்த்தால் இன்னொன்று புலப்படும். 2014 ஆகஸ்டில் திண்டிவனம் அருகே, சென்னைக்குப் போகும் ஆவின் டேங்கர் லாரியை வழியில் நிறுத்திப் பாலை எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றியது பிடிபட்டது. வழக்கு சிபிசிஐடிவரை போனது. அந்தக் கும்பலைப் பிடித்தது காவல்துறை. சாரத்தில் அது திருட்டு. தண்ணீர், திருட்டை மறைக்க வந்த சாதனம். 2017 மேயில் அன்றைய பால்வளத்துறை அமைச்சர் கே.டி.ராஜேந்திர பாலாஜி, தனியார் பாலில் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்கள் கலக்கப்படுவதாகப் பேசினார். நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. ஆதாரமின்றிப் பேசக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு இடைக்காலத் தடை விதித்தது. அவர் சொன்ன ரசாயனங்கள் எவையும் அடுத்த ஆண்டு ஆய்வின் தமிழ்நாட்டு மாதிரிகளில் தென்படவில்லை. எவரும் மேடையில் சொல்லாத பூஞ்சண நஞ்சு தென்பட்டது.

இதற்கிடையே 2016 ஆகஸ்டில், சுவாமி அச்சுதானந்த தீர்த்தர் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், ஒடிசாவைப்போல் பால் கலப்படத்துக்கு ஆயுள் தண்டனைவரை விதிக்கும் திருத்தங்களை மற்ற மாநிலங்களும் பரிசீலிக்கலாம் என்றது. தண்டனை ஏற ஏற, தண்டிக்க ஒரு மனிதர் வேண்டும். எம்1 நஞ்சுக்கு அப்படி ஒருவர் கிடைப்பதில்லை.

4. பிண்ணாக்கு

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப்போனபோது கிடைத்தது பிரேசிலிலிருந்து தீவனத்துக்காக இறக்குமதியான கடலைப் பிண்ணாக்கு. அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் சுரந்த நஞ்சுக்குத்தான் அஃப்ளடாக்ஸின் என்று பெயரிட்டார்கள். கல்லீரல் புற்றுநோயோடு தொடர்புடைய இதை, சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தீவனத்திலுள்ள பி1 வடிவம் மாட்டின் கல்லீரலில் எம்1 ஆக மாறி, சுமார் 1 முதல் 3 விழுக்காடு, நல்ல கறவை மாட்டில் அதற்கும் மேல், பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் பாஸ்டுரைஸ் செய்தாலும் போகாது. லாக்டோமீட்டருக்குத் தெரியாது, நகத்துக்கும் தெரியாது.

இந்திய வரம்பு கிலோ பாலுக்கு 0.5 மைக்ரோகிராம். 10,000 லிட்டர் டேங்கர் ஒன்றை வரம்பைத் தொடவைக்க 5 மில்லிகிராம் போதும், இரண்டு மூன்று கடுகின் எடை. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு இதில் பத்தில் ஒரு பங்கு.

கணக்கைத் தொழுவத்தில் வைத்துப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டவை. எட்டு லிட்டர் கறக்கும் ஒரு கலப்பினப் பசுவுக்கு நாளைக்கு ஒன்றரைக் கிலோ கடலைப் பிண்ணாக்கு. அந்தப் பிண்ணாக்கில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் நஞ்சு என்று கொள்வோம். உள்ளே போவது 300. அதில் 2 விழுக்காடு பாலுக்கு வந்தால் 6 மைக்ரோகிராம், லிட்டருக்கு 0.75. வரம்பு தாண்டிவிட்டது. கால்நடைத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த 20 என்ற எல்லைக்குள் பிண்ணாக்கு இருந்திருந்தால் லிட்டருக்கு 0.08-ஐக்கூடத் தொடாது. எல்லாம் மாட்டின் கழனித் தொட்டிக்குள் முடிந்துவிடுகிற விஷயம்.

நெய்வேலி இங்கேதான் வெறும் முகவரி என்ற நிலையைத் தாண்டுகிறது. பண்ருட்டிக்கும் விருத்தாசலத்துக்கும் இடைப்பட்ட செம்மண் மேடு கடலைக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்றது. விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்ற முன்னெழுத்தோடு கடலை ரகங்களை வெளியிட்டுவருகிறது. கடலையை உடைத்ததும் நல்ல பருப்பு ஒருபக்கம், சுருங்கியதும் சொத்தையும் ஒருபக்கம் பிரியும். சொத்தைக்கும் விலை உண்டு. அது செக்குக்குப் போகும். நஞ்சு எண்ணெயோடு போவது சொற்பம், பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. மனிதர் வாயிலிருந்து ஒதுக்கியது மாட்டின் வாய் வழியாக மறுபடி மனிதரிடம் வருகிறது.

நிலம் ஒரு காரணம். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாகி, 1957 மேயில் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த நாள் முதல் இங்கே வயலும் மேய்ச்சலும் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கிய காட்சி பலருக்கு நினைவிருக்கும். நிலத்துக்கு இழப்பீடு பேசப்படுகிறது, வரப்புப் புல்லுக்கு யாரும் பேசுவதில்லை. மேய்ச்சல் குறையும் இடத்தில் மாடு வாங்கிய தீவனத்துக்கு மாறுகிறது: பிண்ணாக்கு, தவிடு, மக்காச்சோள மாவு, நனைந்து காய்ந்த வைக்கோல். 2011 டிசம்பரின் தானே புயல் போன்ற ஆண்டுகளில் ஊரெல்லாம் போர் நனைகிறது. கறுத்த வைக்கோலை யாரும் தூக்கி எறிவதில்லை, உதறிவிட்டுப் போடுகிறார்கள்.

5. சட்டத்தின் எல்லைக்கோடு

2006 சட்டம் 'உணவு' என்பதை வரையறுக்கும்போது கால்நடைத் தீவனத்தை வெளியே நிறுத்துகிறது. 18-ஆம் பிரிவோ உழவரையும் பண்ணை அளவிலான உற்பத்தியையும் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்குகிறது. இரண்டும் நல்ல நோக்கத்தில் எழுதப்பட்டவை. இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்தின் வாசலில் அலுவலர் போய் நிற்கக் கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நஞ்சு புகும் இடத்தில் சட்டம் இல்லை. அது பாலோடு கலந்துபோன பிறகு, கேனிலிருந்து சட்டம் தொடங்குகிறது.

2018 ஆய்வுக்குப் பின் தேசிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதை உணர்ந்தது. பால், இறைச்சி தரும் விலங்குகளுக்கான வணிகத் தீவனம் இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட வேண்டும் என்று 2020 ஜனவரியில் ஆணையிட்டது. பிறகு காலக்கெடு நீட்டப்பட்டது. அந்த ஆணை குறிவைத்தது மூட்டையில் அச்சிட்ட கலப்புத் தீவனத்தைத்தான். செக்கிலிருந்து நேரே வாங்கி இரவில் ஊறப்போடும் பிண்ணாக்கு அதற்கு வெளியே.

தீவனம் எப்படிச் சோதனையையே குழப்பும் என்பதற்கு 2024-இன் திருப்பதி நெய் விவகாரத்தில் ஓர் அடிக்குறிப்பு கிடைக்கிறது. வழக்கு விசாரணையில் இருப்பதால் யார் குற்றவாளி என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் ஆனந்த் ஆய்வக அறிக்கை, அந்நியக் கொழுப்பைக் காட்டும் எஸ்-மதிப்பு எந்தச் சூழலில் தவறாகக் காட்டக்கூடும் என்றும் பட்டியலிட்டிருந்தது. தாவர எண்ணெய் மிகுந்த தீவனம் தின்ற பசு, போதிய தீனியில்லாத பசு ஆகியவை அதில் உண்டு. தொலைக்காட்சி விவாதங்களில் அந்தப் பகுதியை வாசித்தவரை நான் பார்க்கவில்லை.

சோதனையைக் கேனிலிருந்து முன்னே நகர்த்துவது தொழில்நுட்பத்தில் இயலும். எம்1-க்குப் பட்டைச் சோதனைகள் இருக்கின்றன. பல சொசைட்டிகளின் பால் சேரும் தொகுப்புக் குளிரூட்டும் மையத்தில் வைத்துப் பார்த்தால், எந்தத் திசையிலிருந்து வரும் பாலில் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். அங்கிருந்து பிண்ணாக்கு விற்றவரைத் தேடிப் போகலாம். அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையும் கால்நடைத் துறையும் வேளாண் விற்பனைத் துறையும் ஒரே தாளில் எழுத வேண்டியிருக்கும்.

கடினமான கேள்வி அதற்குப் பின்னால் வருகிறது. சோதனையில் தேறாத பாலை என்ன செய்வது? சொசைட்டி திருப்பி அனுப்பினால் இழப்பு, காலையில் கேனைத் தூக்கி வந்த பெண்ணுக்கு. அவர் எதையும் கலக்கவில்லை, கடையில் காசு கொடுத்து வாங்கியதைத்தான் மாட்டுக்கு வைத்தார். வாங்கிக்கொண்டு பெரிய தொட்டியில் ஊற்றினால், மற்றப் பாலோடு சேர்ந்து நஞ்சு வரம்புக்குக் கீழே நீர்த்துப்போகும், பாக்கெட்டில் எந்தச் சட்டமும் மீறப்பட்டிருக்காது. பதப்படுத்திய பாலில் தவறிய அந்த 10.4 விழுக்காட்டைப் பார்த்தால் சில நாட்களில் அந்த நீர்த்தலும் போதவில்லை. பாலைக் கொட்டிவிட்டு அவருக்கு அன்றைய விலையைக் கொடுப்பது மூன்றாவது வழி. அந்தப் பணத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதற்கு, 1918 முதல் இன்றுவரையிலான மூன்று சட்டங்களில் எதிலும் ஒரு பிரிவு இல்லை.